இடது ஓரத்தில் ஓடியவன்

டிகரி நான்கிவெல் ரக்பி ஆட்டத்தின் நடுவே குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுவதைப் பார்த்து பென்கார்த் ஊரே சிரித்தது. ஓர் ஆட்டத்துக்குப் பத்து தடவையாவது கட்டுவான். பந்து மைதானத்தின் மறுகோடியில், பதினாறு பேர் தலையோடு தலை முட்டி நிற்கும் சேற்றுக் குவியலுக்குள் எங்கோ கிடக்கும். இவன் இடது ஓரத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டபடி கயிற்றை அவிழ்ப்பான், கட்டுவான், மறுபடி அவிழ்ப்பான்.

“டேய் டிக், உன் பொண்டாட்டிகிட்ட குடுத்து தைச்சுப் போடச் சொல்லுடா!”

“கொல்லன் ஹானிபல் அங்கதான நிக்கிறான்? காலோட சேர்த்து ஆணி அடிச்சு விடச் சொல்லு!”

மேற்குச் சுவரோரம் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சுரங்கத்துக்காரர்கள் இப்படிக் கத்துவார்கள். டிக் தலையைத் தூக்காமலே கையை மட்டும் உயர்த்தி ஆட்டுவான். அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நிற்பவள் ஒருத்திதான், அவன் மனைவி லவ்டே. கயிறு அவிழவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மூச்சு வாங்கத்தான் அவன் குனிகிறான்.

ஆனால் பந்து அவன் கைக்கு வந்துவிட்டால் சிரிப்பு சட்டென்று அடங்கிவிடும். ஆள் ஒன்றும் பெரிய உருவம் இல்லை. தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும். ஓட ஆரம்பித்தான் என்றால் நிமிர்ந்தபடியே, பக்கத்துத் தெருவுக்கு ஏதோ சேதி சொல்லப் போகிறவன் மாதிரி ஓடுவான். இதோ பிடித்துவிட்டான் எதிராளி என்று நினைக்கும் நேரத்தில் காலை ஒருமுறை மாற்றிப் போடுவான். பிடிக்க வந்தவன் காற்றைக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுவான். டிக் கோட்டுக்கு அப்பால் போய்ப் பந்தைத் தரையில் பதித்துவிட்டு அப்படியே மல்லாந்து கிடப்பான். சந்தோஷத்தில் கிடக்கிறான் என்று ஊர் நினைத்தது.

கார்ன்வாலில் அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரையும்போல அவனும் பதினெட்டு வயதில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியவன். ஊரில் வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் இயந்திரத்தின் பின்னால் மூன்று வருஷம் நின்றான். திரும்பி வந்தபோது கையில் ஒரு நல்ல கோட்டும் தொண்டையில் ஒரு வறட்டு இருமலும் இருந்தன. ஊர் கோட்டைத்தான் பார்த்தது. வந்த அடுத்த வருஷம் சுரங்க முற்றத்தில் சுத்தியலால் தாதுக்கல் உடைத்துக்கொண்டிருந்த லவ்டேயைப் பார்த்தான். ஆறு மாதத்தில் கல்யாணம்.

கல்யாணமாகி ஏழாவது மாதம், ஒரு அக்டோபரில், இருவரும் பக்கத்து ஊர் டாக்டர் கார்லியனிடம் போனார்கள். அவன் அம்மாவிடம் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் அவன் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“பாறையில துளை போட்டப்ப தண்ணி தெளிச்சாங்களா?”

“இல்ல டாக்டர். காஞ்ச கல்லுதான். நம்ம கையே நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு தூசி.”

டாக்டர் குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அந்தத் தூசி உள்ள போனா வெளிய வராது, தம்பி. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா கல்லாகும். நாளைக்கே சுரங்கத்தை விடு. இந்த ஓட்டத்தை விடு. கணப்புப் பக்கத்துல உக்காரு. நாலு வருஷம், ஏன், அஞ்சு வருஷம்கூட இருக்கலாம்.”

“உக்காரலைன்னா?”

டாக்டர் லவ்டேயைப் பார்த்தார். “ரெண்டு. நீ ஓடற ஓட்டத்துக்கு அதுவும் நிச்சயம் இல்ல.”

வீடு திரும்பும் வழியில் மேட்டு நிலத்தில் முட்புதர்களுக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். கீழே மூடிப்போன சுரங்கங்களின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. எதிலும் புகை இல்லை.

“எங்கப்பா நாலு வருஷம் அப்படி உக்காந்தார்,” என்றான் டிக். “ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி. கடைசி வருஷம் ஸ்பூனைத் தூக்க முடியல. எங்கம்மா எதிர்ல உக்காந்து அவரு விடற மூச்சை ஒவ்வொண்ணா எண்ணுவாங்க. அவங்க உதடு அசையும். நான் அந்த ரூம்லதான் வளந்தேன். நீ அப்படி எண்ணறத என்னால பாக்க முடியாது லவ்டே.”

“அதனால?”

“அதனால ஓடலாம்னு பாக்கறேன். ஓட முடியற வரைக்கும்.”

“உனக்கு ஓட்டம்தான் பெருசு. அப்ப நான் யாரு? ஏழு மாசம் சோறு போட்டவளா?”

அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். “நீ சொல்லு. விடுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இன்னியோட விட்டுடறேன். சத்தியமா. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே மாட்டேன்.”

இதைவிட அவன் அவளை அடித்திருக்கலாம். அவள் அவன் கைகளைப் பார்த்தாள். அவை முழங்காலின் மேல் சும்மா இருக்கத் தெரியாமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. விடு என்றால் இவன் விட்டுவிடுவான். பிறகு தினமும் அந்த நாற்காலியிலிருந்து, ஒரு குறையும் சொல்லாமல், சனிக்கிழமை மதியங்களில் மைதானத்துப் பக்கமிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள்.

“ஓடு,” என்றாள்.

நிலத்தடி வேலையை விட்டு மேலே இயந்திரக் கொட்டகையில் எண்ணெய் போடும் வேலைக்கு அவன் மாறிக்கொண்டான். ஆட்டத்துக்கு உடம்பு புத்துணர்ச்சியாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னான். அவன் அம்மா ஜெனோபியாவுக்கு அது அடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் தேவாலயம் போகிற, சீட்டுக்கட்டைக் கண்ணால் பார்த்தால் கைகழுவுகிற மனுஷி.

“ஒரு தோல் பைக்குள்ள காத்தை ஊதி அதைத் துரத்திக்கிட்டு ஓடறதுக்கு, உங்க பாட்டன் காலத்துலேருந்து பண்ற வேலைய விடறியாக்கும்?” என்றாள்.

“பாட்டன் எங்க இருக்கார்னு பாருங்கம்மா. அவரும் சுரங்க வேலைதான் செஞ்சார்,” என்றான் டிக். தாத்தா பாறை சரிந்து போனவர். ஜெனோபியா மைதானத்துப் பக்கம் ஒருநாளும் தலை வைத்துப் படுத்ததில்லை.

அந்தக் குளிர்காலம் அவன் ஓடிய ஓட்டத்தைப் பற்றி வடக்கே பிரிஸ்டல் வரைக்கும் பேச்சு போனது. லண்டனிலிருந்து இரண்டு கனவான்கள் வந்து ஒரு மழை நாளில் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஜனவரியில் ஒரு புதன்கிழமை கடிதம் வந்தது. இங்கிலாந்து அணிக்கு, அயர்லாந்துக்கு எதிராக, லண்டனில், இடது ஓரத்தில்.

அணித் தலைவன் ஹானிபல் செக்விடன் உலைக்களத்துத் தோல் ஏப்ரனோடு கரியும் புகையுமாய் ஓடி வந்தான். “டேய் ராசா! நம்ம ஊர்லேருந்து ஒருத்தன்டா! வெள்ளைச் சட்டையில இங்கிலாந்து ரோஜாப்பூ போட்டுக்கிட்டு! உன்னைத் தூக்கட்டுமா?” கேட்டுக்கொண்டே தூக்கிவிட்டான். டிக் சிரித்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஜெனோபியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். “இதுல கர்த்தர் பேரு எங்கயும் இல்லையே,” என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் மறுநாள் காலை குங்குமப்பூ போட்டு ரொட்டி சுட்டாள். அதை அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் சுடுவது வழக்கம்.

டிக் முன்னதாகவே லண்டன் போய்விட்டான். லவ்டே ஹானிபலோடும் ஊர்க்காரர்கள் நாற்பது பேரோடும் ரயில் ஏறினாள். வழியெல்லாம் இறைச்சியும் கிழங்கும் பொதிந்து சுட்ட பாஸ்டி ஆளுக்கு இரண்டு தின்றுகொண்டு, தேவாலயப் பாட்டையும் கள்ளுக்கடைப் பாட்டையும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஹானிபல் எல்லா ஸ்டேஷனிலும் ஜன்னலைத் திறந்து, “டிகரி நான்கிவெல் ஊர்க்காரங்க நாங்க!” என்று போர்ட்டர்களிடம் அறிவித்தான்.

முதல் பாதி முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து டிக்கிடம் வந்தது. லவ்டே அவ்வளவு பெரிய ஜனக்கூட்டத்தைப் பார்த்ததில்லை. அந்த ஜனம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது அவளுக்குக் கேட்டது. முதல் ஆளை அவன் வெளிப்பக்கமாகத் தாண்டினான். இரண்டாவது ஆள் அவன் சட்டையைப் பிடித்தே விட்டான், பிறகு அவன் கையில் சட்டை இல்லை. கடைசியாக நின்ற அயர்லாந்துக்காரன் பாவம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மாட்டை மறிப்பவன் மாதிரி நின்றான். டிக் அவனைப் பார்த்துக்கொண்டே ஓடி, பார்த்துக்கொண்டே விலகி, கோட்டுக்கு அப்பால் பந்தை மெதுவாகத் தரையில் வைத்தான். தொட்டிலில் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல வைத்தான். ஹானிபல் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத லண்டன்காரனின் தொப்பியைப் பிடுங்கி வானத்தில் எறிந்தான்.

இடைவேளைக்குப் பின் மழை பிடித்தது. மைதானம் களியாகிவிட்டது. டிக் முதல் தடவை குனிந்தான். பிறகு இரண்டாம் தடவை. எப்போதும் எண்ணியதில்லை என்றாலும் அன்றைக்கு லவ்டேயின் உதடு தானாக அசைந்தது. ஏழாவது தடவை அவன் குனிந்தபோது ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. இங்கிலாந்து ஆறு, அயர்லாந்து மூன்று. பந்து வெகுதூரத்தில் வலது பக்கம் கிடந்தது. அங்கிருந்து யாரோ ஒருவன் ஓங்கி உதைத்தான். அது மைதானத்தைக் குறுக்காகக் கடந்து இடது ஓரத்துக்கு வந்து, ஒருமுறை துள்ளி, அயர்லாந்துக்காரன் ஒருவனின் கைக்குள் போய் உட்கார்ந்தது.

“டிக்!” என்று ஹானிபல் அலறினான்.

டிக் தலையைத் தூக்கினான். எழ முயன்றதையும், கை தரையை விட்டு வராததையும் லவ்டே பார்த்தாள். அயர்லாந்துக்காரன் அவனை உரசிக்கொண்டு, ஒரு மரத்தைத் தாண்டிப் போகிறவன்போல, தாண்டிப் போனான். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். “கயிறு கட்றாண்டா!” என்று ஒரு குரல். பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஊளை.

கோட்டைத் தொட்டதற்கும் அதற்குப்பின் கம்பத்துக்கு மேலே உதைத்ததற்கும் சேர்த்து அயர்லாந்துக்கு ஐந்து புள்ளி. ஆறுக்கு எட்டு. இங்கிலாந்து தோற்றது.

ஆட்டம் முடிந்து கம்பி வேலியோரம் அவன் வந்தான். உதடு நீலமாக இருந்தது.

“பாத்தியா?” என்றான்.

“பாத்தேன்.”

“முதல் பாதியத்தான சொல்றே?”

“ஆமா,” என்றாள் லவ்டே. “அதைத்தான் சொல்றேன்.”

வீட்டிலேயே பூட்ஸ் கயிற்றை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவர்களை அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வரவழைக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகை எழுதியது. லண்டனிலிருந்து இன்னொரு கடிதம் வரவில்லை. திரும்பும் ரயிலில் யாரும் பாடவில்லை. டிக்கும் லவ்டேயும் இருந்த பெட்டிக்கு ஹானிபல் வரவே இல்லை.

மார்ச் மாதம் தேவாலயக் கூடத்தில் அணிக்குத் தேநீர் விருந்து நடந்தது. மனைவிமார்களும் வந்திருந்தார்கள். கேக்கெல்லாம் தீர்ந்தபின் ஹானிபல் எழுந்து நின்றான். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம்.

“நம்ம ஊருக்கு லண்டன் வரைக்கும் பேர் வாங்கிக் குடுத்த நம்ம டிக்குக்கு, நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு பரிசு,” என்றான். “புதுக் கயிறு, மெழுகு போட்டது. இங்கிலாந்தோட மானத்தை இனிமேலாவது இறுக்கிக் கட்டி வைடா, ராசா.”

கூடம் இடிய எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விளையாட்டு பாதிதான். லவ்டே எழுந்துவிட்டாள். ஆனால் மேஜைக்கு அடியில் டிக்கின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவன் எழுந்து போய்ப் பொட்டலத்தை வாங்கி, தலை வணங்கி, “அடுத்த தடவை ரெட்டை முடிச்சுப் போடறேன் தலைவரே,” என்றான். மேலும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கொதித்தாள். “நாளைக்குக் காலைல நேரா உலைக்களத்துக்குப் போறேன். அந்தத் தடியன் மூஞ்சிக்கு நேரா எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“சொன்னா என்ன ஆகும்? சிரிக்கறவனுங்க அழுவானுங்க. நான் தெருவுல போனா தொப்பியக் கழட்டுவானுங்க. செத்தவன் போறப்ப கழட்டற மாதிரி.” அவன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டான். “சிரிக்கட்டும் லவ்டே. சிரிக்கற வரைக்கும் நான் அவங்கள்ல ஒருத்தன்.”

ஏப்ரலில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில், சொந்த மைதானத்திலேயே அவன் விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவன் மெல்ல நின்று, மண்டியிட்டு, முகம் கவிழ்ந்தான். “கயிறுடா, கயிறு!” என்று சுவரோரம் கத்தினார்கள். ஹானிபல் ஏசிக்கொண்டே போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான். வாயிலும் கழுத்திலும் சட்டையிலும் ரத்தம். பல் உடைந்துவிட்டது என்று ஹானிபல் நினைத்தான். குனிந்து தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

வேலியைத் தாண்டி லவ்டே ஓடி வந்தாள்.

“என்னம்மா இது?” என்றான் ஹானிபல். “ஜனவரில தூக்கினேனே. இப்ப ஒண்ணுமே இல்லையே கைல. ஒரு மூட்டை கரி இதைவிடக் கனமா இருக்கும்.”

“நெஞ்சு,” என்றாள் அவள். “ஆப்பிரிக்காவுல வந்தது. லண்டன்லயும் அதுதான். எப்பவுமே அதுதான்.”

அந்த ஊரில் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சுவரோரம் நின்றவர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்த இருமல் இருந்தது. ஒவ்வொருவராக வாயடங்கி, காற்று மட்டும் கேட்டது. ஹானிபல் அவனை இரண்டு கையிலும் ஏந்தியபடி, பூட்ஸ் போட்ட காலோடு, ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்குக் கொண்டுபோனான். வழியில் யாரையும் மாற்றிப் பிடிக்க விடவில்லை.

ஜெனோபியா கதவைத் திறந்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “ஜன்னல் பக்கம் கொண்டு வாங்க,” என்றாள்.

அவனைத் துடைத்து, சட்டை மாற்றி, அந்த நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்த்தபின்தான் கேட்டாள். “எப்பலேருந்து உனக்குத் தெரியும்?”

“அக்டோபர்லேருந்தும்மா.”

“இவளுக்கு?”

லவ்டே சொன்னாள், “எனக்கும் அப்பவே தெரியும்.”

மறுநாள் காலை கொல்லைக் கயிற்றில் துணி காயப்போடும்போது இருவரும் தனியாக இருந்தார்கள். ஜெனோபியா ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், லவ்டே மறுமுனையை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

லவ்டே சொன்னாள். நான்கு வருஷம், இரண்டு வருஷம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, மிச்சத்தையும் சொன்னாள். “விடுன்னு சொன்னா விட்டுடறேன்னார். நான்தான் ஓடுன்னு சொன்னேன்.”

ஜெனோபியா விரிப்பை விடவில்லை. “அவங்கப்பா நாலு வருஷம் உக்காந்ததைப் பாத்து பயந்துட்டான், இல்ல? அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன். அதுக்கு முந்தி இருவது வருஷம் அந்த மனுஷன் பூமிக்கடியிலதான் இருந்தாரு. வருவாரு, தின்னுவாரு, தூங்குவாரு. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினது அந்த நாலு வருஷம்தான். சின்ன வயசுல எந்த மரத்துல ஏறி விழுந்தாருங்கறதுகூட எனக்கு அப்பத்தான் தெரியும். மூச்சை எண்ணினேன்தான். ஒண்ணு ஒண்ணா எனக்குக் கெடைச்சதை எண்ணினேன்.” குரல் உயரவே இல்லை. “எனக்கு நாலு வருஷம் இருந்திருக்கும். நீ ஒரு வார்த்தைல தூக்கிக் குடுத்துட்டே.”

இருவரும் விரிப்பை உதறிக் கயிற்றில் போட்டார்கள். அன்றிலிருந்து ஜெனோபியா அவளோடு தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிக் ஏழு மாதம் அந்த நாற்காலியில் இருந்தான். செப்டம்பரில் ஆட்டப் பருவம் தொடங்கியதும் ஹானிபல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிந்த கையோடு சேறும் சகதியுமாக வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே வர ஜெனோபியா விடமாட்டாள்.

“உன் இடத்துல இப்ப ஒருத்தன் ஓடறான்டா. ஓடறான்னா சொன்னேன்? ஆட்டுக்குட்டி பாலத்தைத் தாண்டற மாதிரி நின்னு யோசிச்சு யோசிச்சுத் தாண்டறான். இன்னிக்குப் பந்தைக் கைல வாங்கி நம்ம கோட்டைப் பாத்தே ஓடிட்டான்.”

“பொய்.”

“கொஞ்சம் பொய்தான். ஆனா பாதி வரைக்கும் ஓடினான்.”

டிக் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பான். ஹானிபல் தேநீர் விருந்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, போகும்போது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “நீ என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்ல அன்னிக்கு,” என்றான். டிக், “உன் மூஞ்சி எனக்கு எட்டாதே தலைவரே,” என்றான்.

அக்டோபர் கடைசியில், ஒரு மத்தியானம், ஜெனோபியா கிணற்றுக்குப் போயிருந்தபோது டிக் லவ்டேயைக் கூப்பிட்டான். பேச்சு இரண்டு இரண்டு வார்த்தையாகத்தான் வந்தது.

“நாற்காலி தப்பலை, பாத்தியா. எப்படியும் வந்துட்டேன்.”

“ஏழு மாசம்தான்,” என்றாள் அவள். “நாலு வருஷம் இல்ல.”

“ஆமா.” அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “லவ்டே, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதே. அம்மா சாயங்காலம் படிச்சுக் காட்டறாங்கல்ல. நீ அங்க உக்காந்து உருளைக்கிழங்கு சீவுற. இது... நான் நெனச்ச மாதிரி இல்ல. இவ்வளவு மோசமா இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா நல்லாருக்கும்னு தோணுது.”

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜெனோபியா வாளியோடு உள்ளே வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அவன் சொன்னதை அவள் ஜெனோபியாவிடம் சொல்லவில்லை. ஹானிபலிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் பதினோராம் தேதி காலை, பால் கொண்டுவருகிற நேரத்தில், அவன் போய்விட்டான். வயது இருபத்துநான்கு.

பென்கார்த் வழக்கப்படி சவப்பெட்டியை வண்டியில் ஏற்றவில்லை. எட்டெட்டுப் பேராக முறை மாற்றித் தூக்கிக்கொண்டு, மூன்று மைலும் பாடிக்கொண்டே கல்லறைக்கு நடந்தார்கள். சுரங்கத்துக்காரர்கள் நாலு குரலில் பாடினால் மேட்டு நிலம் முழுவதும் கேட்கும். ஹானிபல் தடித்த குரல்காரன், எப்போதும் அவன்தான் எடுத்துக் கொடுப்பான். அன்றைக்கு வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வேறொருவன் எடுத்துக் கொடுத்தான். வழியில் நின்றவர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். லவ்டே மறுபடி சுரங்க முற்றத்துக்குப் போய்ச் சுத்தியலைக் கையில் எடுத்தாள். மாலையில் வந்தால் மேஜைமேல் சாப்பாடு மூடி வைத்திருக்கும். ஜெனோபியா எதிரில் உட்கார்ந்து காலுறை பின்னுவாள். உப்பு வேண்டுமா என்று கேட்பாள். மழை வரும்போல இருக்கிறது என்பாள். அவ்வளவுதான். நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை. இப்படி ஒரு குளிர்காலம் போய், ஒரு கோடையும் போயிற்று.

இரண்டாவது வருஷம் மே மாதம் லவ்டேயின் அண்ணன் ஜேபஸிடமிருந்து கடிதம் வந்தது. அவன் அமெரிக்காவில் மிச்சிகன் தாமிரச் சுரங்கத்தில் இருந்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வந்துவிடு, இங்கே தெருவெல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான் என்று எழுதியிருந்தான். அவள் அதை மூன்று நாள் ஏப்ரன் பைக்குள் வைத்திருந்துவிட்டு, நான்காம் நாள் மாலை சாப்பிட்டு முடித்ததும் ஜெனோபியாவிடம் நீட்டினாள்.

ஜெனோபியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். மடித்தாள். மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

“போறியா?”

“இங்க நான் இருக்கறது உங்களுக்குக் கஷ்டம்தானம்மா. என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் உங்களுக்கு...”

“கஷ்டம்தான்,” என்றாள் ஜெனோபியா. “நீ பண்ணினதை நான் மறக்கலை. மறக்கவும் மாட்டேன். என்னைப் பொய் சொல்லச் சொல்லாதே, நான் தேவாலயம் போறவ.”

“சொல்லச் சொல்லலைம்மா.”

கிழவி பின்னல் ஊசியைக் கையில் எடுத்தாள். ஒரு வரிசை பின்னினாள். தப்பாகப் பின்னியிருக்க வேண்டும், மெதுவாகப் பிரித்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அவன் விடியக்காலைல எப்படி இருமுவான்னு இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீயும் போயிட்டா நான் யார்மேல கோவமா இருக்கறது?”

லவ்டே எழுந்து தட்டுகளை எடுத்து அடுக்கினாள். இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக ஜெனோபியா துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒருத்தி கழுவ ஒருத்தி துடைத்தாள்.

மறு திங்கட்கிழமை அவள் அண்ணனுக்குப் பதில் எழுதினாள். இப்போது வர இயலாது, வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று எழுதினாள். எழுதும்போது எதிரில் உட்கார்ந்திருந்த ஜெனோபியா, “மிச்சிகன்ல பனி ரொம்பன்னு சொல்லுவாங்க. கம்பளி காலுறை அனுப்பறோம்னு எழுது,” என்றாள். லவ்டே அதையும் சேர்த்து எழுதினாள்.